ஸ்டெல்லாரிஸ் புதிதாகத் தொடங்குபவருக்கு: முதல் முப்பது வருடத்தை எப்படித் தாண்டுவது?

மல்லாவியில் இருந்து ஒரு தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான்: "அண்ணா, ஸ்டெல்லாரிஸ் வாங்கி விளையாடிப் பார்க்கிறன். ஒவ்வொரு முறையும் 2230 அளவில எனர்ஜி மைனசுக்குப் போகுது, பிறகு பக்கத்து நாட்டுக்காரன் வந்து அடிக்கிறான், அவ்வளவுதான். யூடியூப்பில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம். லப்டொப்பும் பழசு, 8 ஜிபி ராம். கரண்ட் வேற அடிக்கடி போகும். அப்பாவுக்குச் சண்டைச் சத்தமே பிடிக்காது. எங்க இருந்து தொடங்குறது?"

தம்பி, நீங்கள் எழுதிய வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் எனர்ஜி (நாட்டை ஓட்ட மாதாமாதம் செலவாகும் சக்தி) மைனஸ், பிறகுதான் பக்கத்து நாட்டுக்காரன். அவன் வந்து அடித்ததால் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ஆட்டம் உங்கள் கையை விட்டுப் போனது அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே. கொம்பியூட்டர் ஆடும் நாடுகள் யாருடைய விண்கப்பற்படை பலவீனமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் வரும். வரவு செலவு படுத்துவிட்டால் கப்பல் கட்ட முடியாது, கப்பல் இல்லாவிட்டால் அவன் வருவான். ஆகவே இந்தப் பதிலில் பெரும்பகுதி கணக்கைப் பற்றித்தான் இருக்கும். சண்டை கடைசியில், கொஞ்சமாக.

விளையாடாதவர்களுக்கும் விளங்க ஒரு அறிமுகம். ஸ்டெல்லாரிஸ் சுவீடனில் உள்ள பரடொக்ஸ் நிறுவனம் 2016 மே 9 அன்று வெளியிட்ட விண்வெளி வியூக விளையாட்டு. 2200 ஆம் ஆண்டில், ஒரே ஒரு கிரகத்தோடும் சில கப்பல்களோடும் தொடங்குவீர்கள். விண்மீன்களுக்கு இடையே ஹைப்பர்லேன் என்ற பாதைகள் ஓடும். தொடக்க காலத்தில் அந்தப் பாதை வழியாகத்தான் எவரும் போகலாம், வரலாம். தேடிப் பார்த்து, எல்லையை விரித்து, குடியேற்றி, அயலவரோடு கதைத்து அல்லது மோதி, 2500 ஆம் ஆண்டில் யாருடைய புள்ளி கூடவோ அவர் வென்றவர். காலம் தன்பாட்டில் ஓடும், ஆனால் எந்த நேரமும் நிறுத்தலாம்.

அந்த நிறுத்தும் வசதியைத்தான் புதியவர்கள் பாவிப்பதே இல்லை. ஸ்பேஸ் பட்டனை அமத்தினால் காலம் நின்றுவிடும். நின்றபடியே கட்டளை போடலாம், கப்பல் அனுப்பலாம், பட்டியல்களை வாசிக்கலாம். வேகத்தைக் கூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற விளையாட்டு இது இல்லை. திரையில் ஏதாவது அறிவிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள், ஆறுதலாக வாசியுங்கள், முடிவெடுங்கள், பிறகு ஓடவிடுங்கள். முதல் பத்து வருடத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை.

இனி, புதிய ஆட்டம் தொடங்கும் திரை. நீங்கள் வழக்கமாக அங்கே ஒன்றையும் மாற்றாமல் நேரே உள்ளே போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் லப்டொப்புக்கும் உங்கள் அனுபவத்துக்கும் அந்தத் திரையில்தான் முதல் வைத்தியம் இருக்கிறது. கலக்சியின் அளவை ஆகச் சிறியதாக, 200 விண்மீன்களாக வையுங்கள். ஆகப் பெரியதில் 1000 இருக்கும், அது உங்கள் மெஷினைத் தின்றுவிடும். கொம்பியூட்டர் நாடுகள் மூன்று அல்லது நான்கு போதும். முன்கூட்டியே வளர்ந்த நிலையில் தொடங்கும் நாடுகளின் எண்ணிக்கையைப் பூச்சியமாக்குங்கள். மனிதர் குடியேறக்கூடிய கிரகங்களின் அளவையும் குறையுங்கள். இந்த விளையாட்டு போகப் போக மந்தமாவதற்குப் பெரிய காரணம் மக்கள்தொகை பற்றிய கணக்குத்தான். கிரகம் குறைந்தால் மக்கள் குறையும், மக்கள் குறைந்தால் லப்டொப் மூச்சு விடும்.

ஹைப்பர்லேன் அடர்த்தியையும் குறைத்து வையுங்கள். பாதைகள் குறைவாக இருந்தால் உங்கள் நாட்டுக்குள் வர இரண்டு மூன்று வாசல்தான் இருக்கும், காவல் வைப்பது சுலபம். கடினத்தை ஆகக் கீழே வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அயலவரின் முரட்டுத்தனத்துக்கும் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது, அதையும் குறையுங்கள். சாதாரணமாக நடு ஆட்டம் 2300 இலும் இறுதி ஆட்டம் 2400 இலும் தொடங்கும்படி இருக்கும். அவற்றையும் முடிவு ஆண்டையும் முன்னுக்கு இழுக்கலாம். பழைய லப்டொப்பில் ஒரு ஆட்டத்தை முழுதாக முடித்துப் பார்க்க ஆசை என்றால் இழுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 2350க்குப் பிறகு ஒரு மாதம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம்.

நாட்டைத் தெரிவு செய்யும்போது சொந்தமாக ஒன்றை உருவாக்க வேண்டாம். ஆசை இருக்கும், அது அடுத்த முறைக்கு. பட்டியலில் இருக்கும் ஐக்கிய பூமி நாடுகள், அதாவது யுனைட்டட் நேஷன்ஸ் ஒஃப் ஏர்த், தொடங்குபவருக்கு நல்ல தெரிவு. மனிதர்கள், மக்களாட்சி, பிற இனங்களோடு நட்பாகப் பழகும் குணம். அயலவர்கள் உங்களை விரும்புவதற்கான வாய்ப்பு தொடக்கத்திலேயே கூட. சூரியக் குடும்பத்தில் தொடங்குவதால் செவ்வாய், வியாழன், சனி என்று தெரிந்த பெயர்களாகவே இருக்கும். குழப்பம் பாதி குறையும்.

சரி, 2200 தை மாதம் முதலாம் திகதி. ஆட்டம் நின்றபடிதான் திறக்கும். ஓடவிட வேண்டாம்.

மேலே ஒரு நீட்டுப் பட்டையில் சின்னங்களும் இலக்கங்களும் இருக்கும்: எனர்ஜி, மினரல்ஸ் (கனிமம்), உணவு, கொன்சியூமர் குட்ஸ் (மக்கள் பாவிக்கும் பொருட்கள்), அலோய் (கப்பல் கட்டும் கலப்புலோகம்), வணிகம், அப்புறம் இன்ஃபுளுவன்ஸ் (செல்வாக்கு), யூனிட்டி (ஒற்றுமை), ஆராய்ச்சி. ஒவ்வொன்றிலும் கையிருப்பு ஒன்று, மாத வரவு ஒன்று. பெரும்பாலானவர்கள் கையிருப்பைப் பார்க்கிறார்கள். நீங்கள் மாத வரவைப் பாருங்கள். எனர்ஜி சின்னத்தின் மேல் மவுசைக் கொண்டுபோய் வையுங்கள், ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்று வரிவரியாக அதில் இருக்கும். கழிகிற வரிகளை வாசியுங்கள். கப்பல்களுக்கு இவ்வளவு, நிலையங்களுக்கு இவ்வளவு, கட்டடங்களுக்கு இவ்வளவு. உங்கள் 2230 ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்தால் இப்போதே திறந்து அந்தப் பெட்டியைப் பாருங்கள். என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் ஊகத்தைச் சொல்கிறேன். ஒரு மைனிங் ஸ்டேஷன், அதாவது விண்வெளியில் வளம் அகழும் நிலையம், கட்ட 100 மினரல்ஸ் போகும். அது கட்டும்போது தெரியும் செலவு. கட்டிய பிறகு அது மாதம் ஒரு எனர்ஜியைத் தின்றுகொண்டே இருக்கும். ஒன்றுதானே என்று இருபது கட்டினால் மாதம் இருபது போகும். அதற்கு மேல் அவுட்போஸ்டுகளுக்கு (ஒரு விண்மீனை உங்கள் எல்லைக்குள் சேர்க்கக் கட்டும் தளம்) பராமரிப்பு, கப்பல்களுக்குப் பராமரிப்பு, பூமியில் எழுப்பிய கட்டடங்களுக்குப் பராமரிப்பு. புதுக் குடியேற்றங்கள் முதல் சில வருடம் தருவதை விடத் தின்பது கூட. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது. எல்லாம் சேர்ந்து 2225, 2230 அளவில் வரவைத் தாண்டும். கையிருப்பு கரைந்து பூச்சியத்துக்கு வந்தபின் நாடு முழுக்கத் தண்டனை விழும்.

வவுனிக்குளத்தில் சிறுபோகம் செய்வதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கமக்காரர் கூட்டத்தில் யாரிடம் எவ்வளவு காணி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் கடைசிவரை போதும் என்று பார்த்துத்தான் விதைப்பார்கள். இந்த விளையாட்டிலும் அதே கேள்வியைத்தான் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் கேட்க வேண்டும். இதைக் கட்டக் கையில் இருக்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. கட்டியபின் மாதாமாதம் இதற்குப் பாய்ச்ச வரவு இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

எனர்ஜி ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது என்றால் நான் செய்யும் ஒழுங்கு இது. முதலில், உங்கள் எல்லைக்குள் எனர்ஜிச் சின்னம் காட்டும் விண்மீன்களிலும் கிரகங்களிலும் நிலையம் கட்டுவேன். அவை தின்பதை விடக் கூடத் தரும். அடுத்தது, பூமியில் எனர்ஜிக்கான டிஸ்ட்ரிக்ட் (ஒரு தொழிலுக்கென்று கிரகத்தில் ஒதுக்கும் பகுதி) ஒன்று. மூன்றாவது, சும்மா சுற்றும் போர்க்கப்பல்களைக் கூட்டிவந்து ஸ்டார்பேஸில் (தரம் உயர்த்திய அவுட்போஸ்ட்) நிறுத்துவது. அந்த ஸ்டார்பேஸில் மாலுமிகளுக்கான தங்குமிடம் கட்டியிருந்தால் நின்ற கப்பல்களின் பராமரிப்பு குறையும். கடைசியாகத்தான் சந்தை. சந்தையில் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கலாம், ஆனால் தொடக்கத்தில் தரகே 30 வீதம். ஒரேயடியாக நிறைய வாங்கினால் விலையும் ஏறிக்கொண்டே போகும். மிச்சமாகக் கிடக்கும் உணவை மாதாமாதம் கொஞ்சமாக விற்கும்படி போட்டுவைப்பது நல்ல வழி.

பூமியில் எதைக் கட்டுவது என்ற கேள்விக்கு ஒரே ஒரு விதி போதும்: வேலைக்கு ஆள் இருந்தால் மட்டும் கட்டு. காசு இருக்கிறது என்று வரிசையாக டிஸ்ட்ரிக்டும் கட்டடமும் எழுப்பினால் அவற்றில் வேலை செய்ய ஆளே இருக்காது. வெறும் கட்டடமும் பராமரிப்பைக் கேட்கும். கிரகத்தின் திரையில் வேலையில்லாதவர் எத்தனை, காலியான வேலை எத்தனை என்று காட்டும். காலி வேலை இருக்கிறதா, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். வேலையில்லாதவர் வரத் தொடங்கினால் அப்போது ஒன்று கட்டுங்கள்.

இந்த இடத்தில் யூடியூப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வேறு வேறு பதிப்பைப் பற்றிச் சொல்கிறார்கள். 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பு கிரகங்களை நடத்தும் முறையையும் மக்கள்தொகைக் கணக்கையும் தலைகீழாக மாற்றிவிட்டது. வணிகம் தனி வளமாகி, சந்தையில் கொடுக்கல் வாங்கலும் எனர்ஜியில் இருந்து அதற்கு மாறியது. ஆகவே கிரகம் பற்றிய வீடியோ என்றால் அதற்கு முந்தியவற்றைத் தள்ளிவிடுங்கள். சண்டை, எல்லை, அயலவர் பற்றிய பழைய வீடியோக்கள் பெரும்பாலும் இன்னும் பொருந்தும்.

முதல் நாள் கட்டளைகளுக்கு வருவோம். உங்களிடம் ஒரு சயன்ஸ் ஷிப் (ஆராய்ச்சிக் கப்பல்), ஒரு கொன்ஸ்ட்ரக்ஷன் ஷிப் (கட்டுமானக் கப்பல்), மூன்று கோர்வெட் (சிறிய போர்க்கப்பல்) இருக்கும். சயன்ஸ் ஷிப்பைப் பக்கத்து விண்மீன்களை அளவெடுக்க அனுப்புங்கள். அல்பா சென்டோரி, சிரியஸ் போன்றவை கிட்ட இருக்கும், அவற்றில் தொடங்கலாம். கட்டளைகளை ஷிஃப்ட் பட்டனை அமத்தியபடி கொடுத்தால் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். கொன்ஸ்ட்ரக்ஷன் ஷிப் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே நிலையங்களைக் கட்டட்டும். கப்பற்பட்டறையில் இரண்டாவது சயன்ஸ் ஷிப் ஒன்றுக்கு உடனே ஓர்டர் போடுங்கள். போர்க்கப்பல் வேண்டாம். முதல் பத்து வருடத்தில் அறிவுதான் நிலம் தரும். எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பக்கம் விரிவது என்று முடிவெடுக்கவே முடியாது. அளவெடுக்காத இடத்தில் அவுட்போஸ்டும் கட்ட முடியாது.

அளவெடுக்கப் போகும் இடங்களில் சில ஆபத்தானவை. பழைய சுரங்க ட்ரோன்கள், விண்வெளி அமீபாக்கள், பளிங்கு உயிர்கள் என்று சில விண்மீன்களைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். மண்டையோட்டுச் சின்னம் தெரிந்தால் அந்தப் பக்கம் சயன்ஸ் ஷிப்பை விட வேண்டாம். எல்லாம் அடிக்கிறவையும் இல்லை. டியாங்கி என்று திமிங்கலம் போல ஒன்று கூட்டமாக நீந்திப் போகும், நீங்கள் சீண்டாவிட்டால் அதுவும் சீண்டாது. பார்க்க நல்ல வடிவு, நிறுத்திப் பாருங்கள்.

எல்லையை விரிப்பதில் உங்களை உண்மையாகக் கட்டிப்போடுவது அலோயை விட இன்ஃபுளுவன்ஸ்தான். ஒரு அவுட்போஸ்டுக்குச் சாதாரணமாக 100 அலோயும் 75 இன்ஃபுளுவன்ஸும் போகும். இடையில் விண்மீன்களை விட்டுவிட்டுத் தாவினால் இன்ஃபுளுவன்ஸ் இன்னும் ஏறும். மாதம் 3 வருகிறது என்று வைத்தால் ஒரு அவுட்போஸ்டுக்கு 25 மாதம் காத்திருக்க வேண்டும். இவ்வளவு அருமையான சாமானைப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு வெறும் விண்மீனுக்குச் செலவழிப்பது வீண். வரைபடத்தை வெளியே இழுத்துப் பாதைகளைப் பாருங்கள். அயலவன் உங்கள் பக்கம் வர எந்த ஒரு விண்மீனைக் கடந்தே ஆக வேண்டும்? அதை நோக்கி முதலில் போங்கள். அந்த வாசலைப் பிடித்துவிட்டால் உள்ளே இருக்கும் வெற்று விண்மீன்கள் எங்கும் போகாது, இருபது வருடம் கழித்தும் எடுக்கலாம். அயலவன் முந்திக்கொண்டால் எல்லைக் கதவை மூடிவிடுவான், பிறகு உங்கள் கப்பல்கள் அந்தப் பக்கம் போகவே முடியாது.

பிடித்த வாசலில் அவுட்போஸ்டை ஸ்டார்பேஸாகத் தரம் உயர்த்தி, பீரங்கி வையுங்கள். உயர்த்தப்பட்ட ஸ்டார்பேஸ்களுக்குத்தான் எண்ணிக்கைக் கட்டுப்பாடு, வெறும் அவுட்போஸ்டுக்கு அது இல்லை. ஆகவே தொடக்கத்தில் ஒன்றை வாசலுக்கும், இன்னொன்றை உள்ளே நங்கூரத் தளமாகவும் வைப்பது என் பழக்கம். நங்கூரத் தளம் உங்கள் கப்பற்படையின் கொள்ளளவைக் கூட்டும்.

குடியேற்றம் பற்றி மெத்தப்பேர் பயப்படுகிறார்கள், அல்லது அவசரப்படுகிறார்கள். ஒரு குடியேற்றக் கப்பலுக்கு 200 அலோய், 200 உணவு, 200 கொன்சியூமர் குட்ஸ். அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் கிட்டவே வாழத்தக்க கிரகங்கள் இரண்டு உறுதியாக இருக்கும். இரண்டிலும் குடியேறுங்கள், ஆனால் ஒன்று தன் காலில் நிற்கத் தொடங்கிய பிறகு மற்றது. நாடு பெருத்தால் ஆராய்ச்சிச் செலவு ஏறும் என்று சிலர் விரியவே மாட்டார்கள். ஏறுவது உண்மை. ஆனால் கூடுதல் மக்கள் தரும் ஆராய்ச்சி அதை ஈடுகட்டும், சின்ன நாடாகவே இருந்து வெல்வது பழகினவர்கள் செய்யும் வித்தை.

ஆராய்ச்சியில் பௌதிகம், சமூகம், பொறியியல் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் சில தெரிவுகளைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். எடுக்காதவை தொலைந்துவிடாது, பிறகும் சுற்றிவரும். தொடக்கத்தில் ஆயுதத்தை விட்டுவிட்டு வரவைக் கூட்டும் தொழில்நுட்பங்களையே எடுங்கள்: எனர்ஜி, மினரல்ஸ், அலோய், ஆராய்ச்சி வேகம். பாதியில் மாற்றினாலும் செய்த வேலை அழியாது. யூனிட்டி சேர்ந்தால் மரபுகளை, அதாவது நாட்டுக்கு நிலையான அனுகூலம் தரும் தெரிவுகளை, எடுக்கலாம். முதல் ஆட்டத்துக்குத் தேடலுக்கான மரபு அல்லது விரிவாக்கத்துக்கான மரபு, இரண்டில் எது என்றாலும் பிழையில்லை. இதில் மண்டையைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

இப்போது உங்கள் பக்கத்து நாட்டுக்காரன். அவனைச் சந்தித்த பிறகு தொடர்புத் திரையைத் திறந்தால் அவனுடைய படைபலம் உங்களோடு ஒப்பிடும்போது எப்படி என்று சொல்லால் காட்டும். பரிதாபம், தாழ்வு, சமம், மேல், எட்டவே முடியாது என்ற படிகள். சமம் என்பதில் வைத்திருந்தால் பெரும்பாலும் நிம்மதி. கப்பற்படையின் கொள்ளளவு என்று ஒரு இலக்கம் மேலே இருக்கும். 2215, 2220 அளவில் அதை ஓரளவு நிரப்பிவிடப் பாருங்கள். தாண்டினால் எல்லாக் கப்பலுக்கும் பராமரிப்பு ஏறும், ஆகவே தாண்ட வேண்டாம். கப்பல் அலோயில் கட்டப்படுவது. அலோய் என்பது மினரல்ஸை உருக்கிச் செய்வது. உருக்கும் ஆட்களுக்கு கொன்சியூமர் குட்ஸும் வேண்டும், ஆலைக்கு எனர்ஜியும் வேண்டும். எனர்ஜி விழுந்தால் ஏன் எல்லாமே விழுகிறது என்று இப்போது விளங்கும்.

படையை விட மலிவான காவல் ஒன்று இருக்கிறது: தூதர்கள். ஒரு தூதரை அந்த நாட்டோடு உறவை வளர்க்க அனுப்புங்கள். உறவு கனிந்ததும் தாக்காமை ஒப்பந்தம் கேளுங்கள், பிறகு பாதுகாப்பு ஒப்பந்தம். இவற்றுக்கு மாதம் கொஞ்சம் இன்ஃபுளுவன்ஸ் போகும், போகட்டும். நாலு பக்கமும் அயலவர் இருந்தால் ஆக முரடனை விட்டு, அவனுக்கு அந்தப் பக்கம் இருப்பவனோடு நட்பாகுங்கள். சில நாடுகளோடு எந்தக் கதையும் சரிவராது, எல்லா இனத்தையும் அழிப்பதையே கொள்கையாக வைத்திருப்பார்கள். அப்படி ஒருவன் அயலில் வந்தால் வாசலில் உள்ள ஸ்டார்பேஸில் இருப்பதையெல்லாம் கொட்டுங்கள். அப்புறம், வீழ்ந்த பேரரசுகள் என்று சில பழைய நாடுகள் இருக்கும். சின்ன இடமாகத் தெரியும், ஆனால் அவர்களுடைய கப்பல்களுக்கு முன் உங்களுடையவை தூசு. அவர்கள் ஏதாவது கேட்டால், நூறு வருடத்துக்குப் பேசாமல் தலையாட்டுங்கள்.

சண்டை வந்தே விட்டதா? படையைப் பிரிக்காதீர்கள். ஒன்றாக வைத்து, உங்கள் ஸ்டார்பேஸின் பீரங்கி எட்டும் இடத்தில் நின்று மோதுங்கள். லேசர் கவசத்தை நன்றாக அரிக்கும், ஆற்றல் கேடயத்தில் மங்கும். உலோகக் குண்டுகள் நேர் எதிர், கேடயத்தை உடைக்கும், கவசத்தில் தெறிக்கும். ஏவுகணை கேடயத்தை ஊடுருவிப் போகும், ஆனால் நடுவழியில் சுட்டு வீழ்த்தப்படலாம். முதல் ஆட்டத்தில் லேசரும் குண்டும் கலந்து வைத்தால் போதும், வடிவமைப்பை விளையாட்டே செய்யட்டும். தோற்கிற மாதிரி இருந்தால் பின்வாங்கும் பட்டனை அமத்துங்கள். கப்பல்கள் கொஞ்சக் காலம் காணாமல் போய்ப் பிறகு வீடு வந்து சேரும். கப்பல் தப்பினால் போரும் தப்பும். போர்க் களைப்பு என்று ஒரு அளவு இரு பக்கமும் ஏறிக்கொண்டே இருக்கும். அது நிறைந்தால் பிடித்தது பிடித்தபடி என்ற சமாதானத்துக்கு வர வேண்டியதுதான். ஆகவே முழுதாகத் தோற்காமல் இழுத்தாலே ஒன்றிரண்டு விண்மீனோடு பிரச்சினை முடியலாம்.

அப்பா விஷயம். வன்னியில் இது பெரிய விளக்கம் தேவைப்படாத காரியம், அவரை மாற்ற முயல வேண்டாம். அமைப்பில் இசைக்கும் ஒலி விளைவுகளுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது. விளைவுகளைப் பூச்சியமாக்கி இசையை மட்டும் விடுங்கள். அன்ட்ரியாஸ் வால்டெடொஃப்ட் என்பவர் அமைத்த இசை, வீட்டில் ஓடினாலும் யாருக்கும் தொந்தரவு இல்லாத மாதிரித்தான் இருக்கும். இன்னொன்றும் செய்யலாம். இந்த விளையாட்டில் ஒரு போரையும் தொடங்காமல் கடைசிவரை போக முடியும். அமைதி விரும்பும் நாடுகளுக்கென்றே தனிக் குணங்கள் இருக்கின்றன, கூட்டமைப்பு அமைத்து அதன் நிழலில் வளரலாம். தொல்பொருள் மாதிரி விசித்திரங்களைத் தேடி சயன்ஸ் ஷிப்பை அலையவிடுவதும், புதுக் கிரகங்களில் ஊர் அமைப்பதும்தான் எனக்கு இதில் ஆகப் பிடித்த பகுதி. அதை ஒரு நாள் அப்பாவுக்கும் காட்டிப் பாருங்கள்.

கரண்ட். அயன்மேன் என்ற முறையைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஒரே ஒரு சேமிப்புக் கோப்புத்தான், அது எழுதப்படும் நேரத்தில் கரண்ட் போய் லப்டொப்பும் அணைந்தால் ஆட்டம் முழுக்கப் போகும் அபாயம் இருக்கிறது. சாதாரண முறையில் விளையாடி, தன்னாலே சேமிக்கும் இடைவெளியைக் குறைத்து, முக்கியமான முடிவுக்கு முன் கையாலும் ஒன்று சேமியுங்கள். பற்றரி பழுதான லப்டொப் என்றால் இது இன்னும் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்கினால் விளையாட்டையும் நிறுத்தி, பிளக்கையும் ரூட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

டேட்டா தின்பது விளையாடும்போது இல்லை, தரவிறக்கும்போதும் புதுப்பிக்கும்போதும்தான். விளையாட்டுகளை வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியின் அமைப்பில் புதுப்பித்தலை எந்த நேரத்துக்குள் செய்யலாம் என்று குறித்துவைக்கலாம். இரவுக்கென்று தனி டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் அந்த நேரத்தைக் கொடுங்கள். ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கொம்பியூட்டரில் விளையாட்டு ஏற்கெனவே இருந்தால், ஸ்டீம் அதில் இருந்தே கோப்புகளை எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த வசதி இது, இன்டர்நெட் டேட்டா மிச்சம். பிறகு ஓஃப்லைன் முறையில் வைத்து விளையாடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களைப் பார்த்து வேறு யாராவது கேட்பார்கள். வாங்கக் காசில்லை என்றால்? ஃப்ரீஓரியன் என்று முழுக்க இலவசமான, திறந்த மூலநிரல் விளையாட்டு இருக்கிறது. 1993 இல் வந்த மாஸ்டர் ஒஃப் ஓரியனைப் பார்த்துச் செய்தது. முறைக்கு முறை ஆடுவது, ஆகவே அவசரமே இல்லை. அழகு குறைவு, ஆனால் வரவு செலவு பார்த்து விரிவது எப்படி என்று பழகத் தாராளமாகப் போதும்.

ஸ்டெல்லாரிஸுக்கு மேலதிகப் பகுதிகள் ஏகப்பட்டது விற்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் விளையாட்டின் விலையை விடப் பல மடங்கு வரும், அதுவும் டொலரில். இப்போது ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு ஆட்டமாவது 2300 ஐத் தாண்டட்டும், பிறகு தள்ளுபடி வரும்போது யோசிக்கலாம். மச்சான்மாரோடு சேர்ந்து விளையாடும் எண்ணம் இருந்தால், ஆட்டத்தை நடத்துகிறவரிடம் மேலதிகப் பகுதி இருந்தாலே போதும், சேருகிற மற்றவர்களுக்கும் அந்த ஆட்டத்தில் அது பெரும்பாலும் வேலை செய்யும். எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், அதை மட்டும் தொடங்கும் முன் சரிபாருங்கள்.